மாமன் கண்ணும் மருமகள் காதும்

அழகாக வேண்டும் என்று ஆசைப்பட்டு அவஸ்தைப்பட்டவர்கள் உலகத்தில் ஏராளம். அதற்காக இன்றுவரை ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குகிறவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிறவியிலேயே எனக்கு இரண்டு இமையும் தொங்கல். தங்கை செல்வியின் கல்யாணத்துக்கு மதுரையில் வைத்த ஃப்ளெக்ஸில், கும்பிட்டபடியே தூங்கிக்கொண்டிருந்தேன். (முழித்துத்தான் இருந்தேன், சாமி சத்தியமாக.) அவளுக்குப் பெண் பிறந்து, எழுமலைப் பக்கம் மாமியார் வீட்டுக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து என்று முடிவானதும் எனக்கு உதறல் எடுத்தது. தாய்மாமன் மடியில் வைத்துத்தானே காது குத்துவார்கள்? ஊரே பார்க்கும். ஃப்ளெக்ஸும் உண்டு. இமையில் ஆபரேஷன் செய்துகொண்டேன்.

விசேஷம் முடியட்டும், ஆற நாளாகும் என்றுதான் டாக்டர் சொன்னார். நான் கேட்டால்தானே. இடது கண் ஒழுங்காக அமைந்தது. வலது கண் மூட மறுத்துவிட்டது. தூக்கம், தும்மல், சாமி கும்பிடுவது, எதற்கும் அது மூடவில்லை. மிளகாய் வற்றல் மாதிரி சிவந்து ஓயாமல் தண்ணீர் வடித்தது. டாக்டரிடம் போய் அழுதேன். (நான் அழுகிறேன் என்று கண்டுபிடிக்கவே அவருக்கு நேரமாயிற்று.) போகப்போக இறங்கிவிடும் என்று களிம்பு கொடுத்தார். களிம்பு போட்டால் பார்வை மங்கியது, போடாவிட்டால் மணலாக உறுத்தியது. செத்தாலும் இந்தக் கண்ணை மூட ஆள் பிடிக்க வேண்டுமே என்று படுத்துக்கொண்டு விசனப்பட்டேன்.

காதுகுத்து அன்று கறுப்புக் கண்ணாடியோடும் சீர்த் தட்டோடும் வேனிலிருந்து இறங்கினேன். கூட்டம் விலகி வழிவிட்டது. தாய்மாமன் மரியாதை என்று நெஞ்சை நிமிர்த்தினேன். அப்புறம்தான் புரிந்தது, மெட்ராஸ் ஐ என்று பயந்திருக்கிறார்கள். காலைப் பந்தியில் என் பக்கத்து இலைக்கு ஆளே வரவில்லை. செல்வியின் மாமியார் பிள்ளையைத் தர முடியாதென்று இடுப்பில் இறுக்கிக்கொண்டார். எங்கள் சித்தப்பா மகனை உட்கார வைத்துவிடலாம் என்று பேச்சு எழுந்தது. ஒரே தங்கை, ஒரே மருமகள். அவளை மடியில் வைக்கும் உரிமையும் பறிபோகிறதே!

செல்விதான் வந்து நின்றாள். என் மடியில் இல்லையென்றால் காதே குத்த வேண்டாம் என்று மாமியாரிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"கண்ணாடியக் கழட்டுண்ணே. தொத்து நோய் இல்லைன்னு எல்லாரும் பாக்கட்டும்."

கழற்றினேன். இமையில் இருந்த தையல் தழும்பைப் பார்த்துப் பெரியவர்கள் சமாதானமானார்கள். பிள்ளை என் மடிக்கு வந்தாள். ஆசாரி முதல் காதைக் குத்தினார். அதுவரை மிட்டாயில் கவனமாக இருந்தவள், வலியில் அண்ணாந்து என் முகத்தைப் பார்த்தாள். இமைக்காத சிவந்த கண் ஒன்று அவளையே முறைத்துக்கொண்டிருந்தது. அவள் துள்ளிய துள்ளலில் அடுத்த காதின் துளை மேலே ஏறிவிட்டது.

"மாமன் இம்புட்டு முறைச்சா பிள்ள துள்ளாம என்ன செய்யும்?" என்று ஆசாரி பழியை என் தலையில் கட்டினார்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். என் இமை இன்னும் இறங்கவில்லை. அவள் ஜிமிக்கி போட்டால் ஒன்று ஏறியும் ஒன்று இறங்கியும் ஆடும். வீட்டில் எது கோணலாக இருந்தாலும், "மாமன் கண்ணு, மருமக காது" என்பார்கள். போன தீபாவளிக்கு, காதை மறுபடி குத்திச் சரிசெய்யலாமா என்று செல்வி அவளிடம் கேட்டாள்.

"மொதல்ல மாமா கண்ணச் சரி பண்ணட்டும். அப்பறம் நானு."

இன்னொரு ஆபரேஷன் செய்தால் சரியாகும் என்றுதான் டாக்டரும் சொல்கிறார். எனக்குக் கத்தி என்றாலே குலை நடுங்குகிறது. அது தெரிந்துதான் சொன்னாள், கழுதை.