கரண்ட் இல்லாத நாளில் டப்பா அண்ணாத்தே

ஆவடி வட்டாரத்தில் கரண்டை டப்பா அண்ணாத்தே அளவுக்குக் கொண்டாடிய மனிதர் இன்னொருவர் கிடையாது. நாமெல்லாம் மின்விசிறி, மிக்சி, மோட்டார் என்று ஏதோ பிழைப்புக்காக அதைப் பயன்படுத்திக்கொண்டிருக்க, கரண்டைக் கண்டுபிடித்ததே கிட்டார் வாசிப்பதற்குத்தான் என்று மனதார நம்பியவர் அவர். பருத்திப்பட்டு ஏரிக்குப் பக்கத்தில் ஒரே காம்பவுண்டில் அவர் கீழ் வீடு, நான் மாடி. அவர் கிட்டாரில் ஒரு கம்பியைத் தொட்டால் என் வீட்டு டம்ளர்கள் ஸ்டாண்டில் நடனமாடும்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. வீட்டுக்கு வந்தால் எலக்ட்ரிக் கிட்டார். கிட்டார் ஒன்றே ஒன்றுதான். ஆனால் அதற்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைத்துக் காலால் மிதிக்கிற சின்னச் சின்ன உலோகப் பெட்டிகள் இருக்கின்றனவே, அவை எண்ணில் அடங்காதவை. ஒன்றை மிதித்தால் கிட்டார் கிணற்றுக்குள் இருந்து பேசும், இன்னொன்றை மிதித்தால் ஜலதோஷம் பிடித்துப் பேசும். பெடல் என்பது கடைக்காரர்கள் வைத்த பெயர். முதல் பார்சலைப் பிரித்துப் பார்த்த அவர் மனைவி செல்வி அக்கா, "இன்னாய்யா இது, பெருங்காய டப்பா மாரி கீது?" என்று கேட்டார். அன்றே பெட்டிக்கும் பெயர் வந்தது, வாங்கியவருக்கும் வந்தது. அவருடைய நிஜப் பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது.

அதற்கப்புறம் வாரம் தவறாமல் பார்சல். அக்காவுக்குத் தெரியக்கூடாது என்று கூரியர்காரருக்கு அவர் தனிப் பயிற்சியே கொடுத்திருந்தார். கொடியில் அக்காவின் புடவை காய்ந்தால் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று அர்த்தம், பார்சல் நேராக மாடிக்கு, என்னிடம் வரவேண்டும். யாராவது கேட்டால் மோட்டார் ஸ்பேர். பெரிய மீசையும் பெரிய உடம்புமாக இருந்த அந்தக் கூரியர்காரர், பார்சலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு மாடிப்படியில் பூனைநடை நடந்து வருவது காணக் கண்கொள்ளாக் காட்சி. ஒரு நாள் அண்ணாத்தே வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதே அக்கா சொன்னார்:

"மோட்டார் ஸ்பேரு வந்துகீதுய்யா. பிரிச்சி டேபிள் மேல வெச்சிகீறேன். தலைல அமுக்குனா பச்ச லைட்டு எரியுது. எந்த மோட்டாருக்கு?"

அண்ணாத்தே அசரவில்லை. "சூப்பர் மோட்டாரு செல்வி அது," என்று சொல்லிவிட்டுக் கைகால் கழுவப் போய்விட்டார்.

அவரைப் பைத்தியம் என்று சொல்லிவிட முடியாது. தெருவில் யார் வீட்டு மிக்சி படுத்தாலும் எழுப்பிவிடுவது அவர்தான். வாசிப்பிலும் மனிதர் கில்லாடி. அந்தத் தடித்த விரல்கள் கம்பி மேல் போகிற அழகைப் பார்த்து நான் எத்தனையோ முறை வாய் பிளந்திருக்கிறேன். ஒரே ஒரு குறை, ஒரு பாட்டையும் அவர் முழுசாக வாசிக்க மாட்டார். பல்லவி பாதியில் நிறுத்திவிட்டுக் குனிந்து டப்பாவின் குமிழைத் திருகுவார். மறுபடி பல்லவி, மறுபடி குமிழ். சரணம் என்று ஒன்று இருப்பதே எங்கள் காம்பவுண்டில் பலருக்குத் தெரியாது.

"அண்ணாத்தே, அதான் நல்லா கீதே. அப்டியே வாசிக்கலாம்ல?" என்று ஒரு முறை கேட்டேன்.

"நல்லா கீது நைனா. ஆனா அந்த சவுண்டு இன்னும் வர்ல."

"எந்த சவுண்டு?"

"வந்தா தெரியும்."

அந்த சவுண்டு எது என்று அவருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த டப்பாவில் அது இருக்கிறது என்பது மட்டும் அவருக்கு உறுதியாகத் தெரியும். பூந்தமல்லி பிரியாணியை வேறு துணைக்கு இழுப்பார். "அதே அரிசி, அதே கறி. வேகற தேக்சா மாறுனா ருசி மாறுதா இல்லியா?" என்பார். பிரியாணி சாப்பிடலாமா என்றுதான் கேட்பேன்.

செல்வி அக்காவுக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தலைவலி. அண்ணாத்தே கிட்டாரைக் கரண்டில் சொருகும் சத்தம் கேட்டதுமே முறத்தையோ மொபைலையோ தூக்கிக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவார். அண்ணாத்தே ஒரு கண்ணால் அதைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருகுவார். பார்ப்பார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். அதற்கு மேல் யோசிக்கிற அளவுக்கு எனக்கு மூளை வேலை செய்ததில்லை.

ஆடி மாதம் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது மேடை போட்டுக் கச்சேரி வைப்பார்கள். அதில் அண்ணாத்தேவுக்கு வருஷா வருஷம் ஒரு பாட்டு ஒதுக்குவார்கள். அவர் டப்பாக்களை அடுக்கி, ஒயர் மாட்டி, எழுந்து நிற்பதற்குள் கச்சேரியே முடிந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்திருப்பார்கள். போன வருஷத்துக்கு முந்தின வருஷம் மட்டும் எப்படியோ நேரத்துக்குத் தயாராகிவிட்டார். ஆனால் சீரியல் செட் விளக்கு போட்டவர் அவசரத்தில் அண்ணாத்தேயின் பிளக்கை, விளக்குகளை மினுக்க வைக்கிற பெட்டியில் சொருகிவிட்டார். அம்மன் தலைக்கு மேல் விளக்கு எரிந்தால் கிட்டார் கேட்கும், அணைந்தால் கிட்டாரும் அணையும். ஊரே சிரித்தது. அண்ணாத்தே மட்டும் கண்ணை மூடிக்கொண்டு, இது ஏதோ புது எஃபெக்ட் என்று ரசித்து வாசித்துக்கொண்டிருந்தார். இறங்கி வந்து என்னிடம், "இதுக்குன்னே தனியா ஒரு டப்பா விக்கிறான் நைனா. இங்க ஓசில கெட்ச்சிது," என்றார். அந்த மனசு யாருக்கு வரும்?

இப்படிப்பட்டவர் திடீரென்று வாங்குவதை நிறுத்திவிட்டார்.

ஒரு வாரம் பார்சல் வரவில்லை. நாங்கள் கண்டுகொள்ளவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. மூன்றாவது வாரம் கூரியர்காரரே வெறுங்கையோடு வந்து மாடி ஏறினார். "சார், அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லியா? ரோட்ல பாத்தாக்கூட இன்னா வந்துகீதுன்னு கேக்க மாட்றாரு சார்," என்றார். அவர் மீசை துடித்தது. கீழே எட்டிப் பார்த்தேன். கொடியில் புடவை காய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கே என்னவோ போல் ஆகிவிட்டது.

மறுநாள் செல்வி அக்கா மேலே வந்தார். இத்தனை வருஷமாக டப்பாக்களோடு சண்டை போட்டவர், கண் கலங்கி நின்றார்.

"தம்பி, எனக்கு பயமா கீது. போன்ல அந்தக் கட பக்கத்த தொறந்துகூட பாக்க மாட்றாரு. என்ன பெத்த நைனாவும் இப்டித்தான், ஒரு நாளு வெத்தலய வேணாம்னு தள்ளி வெச்சாரு. ஆடி முடியறதுக்குள்ள ஆளே இல்ல."

"அப்டியெல்லாம் ஒண்ணும் இல்லக்கா. வாசிக்கறாரு இல்ல?"

"வாசிக்கறாரு. மெதுவா, சொருகாமியே வாசிக்கறாரு. அதான் பயமே. இன்னிக்கி டப்பாவ உட்டாரு, நாளிக்கி கிட்டார உடுவாரு, அப்பறம் இன்னாத்துக்கு காலைல எந்திரிப்பாரு அந்தாளு? நீ என்கூட வா, ஒரு டப்பா வாங்கியாரலாம்."

வாழ்க்கையில் நான் எதிர்பார்க்காத வாக்கியங்களில் அது முதலிடம். அண்ணாத்தே வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஆவடியில் ரயிலேறி, அவர் நேரில் போய்ப் பார்த்துவிட்டுக் கூரியரில் வரவழைக்கிற இசைக்கருவிக் கடைக்குப் போனோம். யார் வீட்டுக்காரம்மா என்று தெரிந்ததும் கடைக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "அண்ணன் ஏங்க்கா வர்றதில்ல? எதுனா வருத்தமா?" என்று அவரும் கவலைப்பட்டார். பிறகு சுவர் நிறைய இருந்த டப்பாக்களைக் காட்டி, எந்த மாதிரி சத்தம் வேண்டும் என்று கேட்டார்.

அக்கா புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகிக்கொண்டு யோசித்தார். "கம்மியா கேக்கணும். கிட்ட போனாதான் கேக்கணும், அந்த மாரி."

"கம்மியாவா? எல்லாரும் ஜாஸ்தியாத்தான் கேப்பாங்கக்கா."

"போன மாசம் கரண்டு நிறுத்துனாங்களே, அன்னிக்கி வாசிச்சாரு. அந்த சத்தம் குடு."

எனக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து மின்தடை. அண்ணாத்தேவுக்கு வார விடுமுறை. அன்றுதான் புது டப்பா ஒன்று வந்திருந்தது, ஆனால் எரிய வைக்கக் கரண்ட் இல்லை. பாவம், கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்துவிட்டு, வாசற்படியில் உட்கார்ந்து கிட்டாரைச் சும்மா மீட்டினார். எலக்ட்ரிக் கிட்டாரைச் சொருகாமல் வாசித்தால் கொசு பாடுகிற அளவுக்குத்தான் சத்தம் வரும். மாடிப்படியில் நின்ற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அப்போது கொல்லையில் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்த செல்வி அக்கா, சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். திருக டப்பா இல்லாததால் அண்ணாத்தே பல்லவியைத் தாண்டிச் சரணத்துக்குப் போனார். பாட்டு முடியும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை. நான் எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, இன்றைக்குக் கீழ் வீட்டில் மீன் குழம்பு என்பதை மட்டும் புரிந்துகொண்டேன்.

கடைக்காரர் தேடிப்பிடித்து ஒரு சாம்பல் நிற டப்பாவை எடுத்துக் கொடுத்தார். கரண்டில் ஓடுகிற கிட்டாரை, கரண்டே இல்லாத சாதா கிட்டார் மாதிரி பேச வைக்குமாம். அதாவது, ஒன்றுமே இல்லாத மாதிரி கேட்பதற்கு ஒன்று. அக்கா அதைப் பிரசாதம் மாதிரி மடியில் வைத்துக்கொண்டு ரயிலில் வந்தார்.

சாயங்காலம் அண்ணாத்தே வந்ததும் அதை அவர் கையில் வைத்தார். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாத்துக்குடி இது?"

"நீ வாங்கறத உட்டுட்டியே. உனுக்கு இன்னா ஆச்சோன்னு..."

அண்ணாத்தே டப்பாவைப் பத்திரமாகக் கீழே வைத்தார். பிறகு, கிட்டாரைப் பார்த்தபடி சொன்னார். "எனுக்கு இன்னா ஆவும்? இத்தினி வருஷமா ஏதோ ஒரு சவுண்ட தேடிகினு கெடந்தேன். இன்னா சவுண்டுன்னு எனுக்கே தெரியாது. எந்த டப்பாவ போட்டாலும் நீ எந்திரிச்சி போய்ட்ட. அன்னிக்கி ஒண்ணுமே போடல, நீயா வந்து குந்திகின. அப்பறம் இன்னாத்த வாங்கச் சொல்ற?"

செல்வி அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "ஆங்... வாசல்லதான்யா வெளிச்சம் இருந்துது, நெத்திலி ஆயறதுக்கு," என்றார். ஆனால் உள்ளே போகவில்லை. அங்கேயே உட்கார்ந்தார். நான்தான் நாகரிகமாக மாடி ஏறினேன்.

அண்ணாத்தே பழைய டப்பாக்களையெல்லாம் கிட்டார் பழகுகிறவர்களுக்குக் கொடுத்துவிட்டார். சாம்பல் நிற டப்பா மட்டும் அலமாரியில், அட்டைப் பெட்டிகூடப் பிரிக்காமல், சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இந்த ஆடிக்கு மேடை போடுகிறவர்கள் வந்து, "அண்ணாத்தே, எத்தினி பிளக்கு வேணும்?" என்று பயந்துகொண்டே கேட்டார்கள். "ஒண்ணு போதும். முன்னால ஒரு சேர் போட்டு வெய்யி, செல்வி குந்தட்டும்," என்றார். எங்கள் தெரு அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சரணத்தைக் கேட்டது.

இப்போதெல்லாம் பராமரிப்பு மின்தடை அறிவிப்பு வந்தால் தெருவே திட்டுகிறது. நான் மட்டும் ஆபீசுக்கு லீவு சொல்லிவிடுகிறேன். அண்ணாத்தேயும் லீவு போட்டுவிட்டு அக்காவோடு வாசற்படியில் உட்கார்ந்து வாசிக்கிற நாள் அது, மாடியில் இருந்தால் கேட்காது. அதனால் சத்தம் போடாமல் இறங்கி வந்து, அவர்கள் கண்ணில் படாத ஒரு மாடிப்படியாகப் பார்த்து உட்கார்ந்துகொள்கிறேன். கரண்ட் சீக்கிரம் வந்துவிடக்கூடாதே என்று இருக்கிறது.