யட்டவத்தைக்கு ஒரு மேம்பாலம்

படித்தவனைவிட, படித்து முடித்த பிறகும் படிக்கப் போனவனிடம்தான் ஊர் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். எழுபதுகளின் நடுவில் நான் அப்படிப்பட்ட ஓர் ஆளாக யட்டவத்தை என்ற சிற்றூரில் போய் இறங்கினேன்.

மாத்தளையில் ஓர் அலுவலகத்தில் கட்டடப் படம் வரைந்துகொண்டிருந்தவன், சம்பளமில்லா லீவு போட்டுக் கொழும்பில் நகரத் திட்டமிடல் மேற்படிப்புக்குச் சேர்ந்திருந்தேன். இறுதி ஆய்வு தேறினால் திட்டமிடலாளர். தேறாவிட்டால் பழைய நாற்காலி. (அதன் ஒரு கால் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தது.)

யட்டவத்தைச் சந்தியில் பாதசாரிகளை எண்ணுவதுதான் முதல் வேலை. ஹனீபா நானாவின் தேத்தண்ணிக் கடை வாசலில் நாற்காலி போட்டு, குடை விரித்து உட்கார்ந்தேன். நானா பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, ஆள் கூடினா நல்லதா, கொறஞ்சா நல்லதா?"

"கூடினால்தான் நானா என் திட்டம் நிற்கும். இல்லாவிட்டால் பாஸ் இல்லை."

"அப்ப நீங்க குனிஞ்சு எழுதுங்க. மத்தத நாங்க பாத்துக்கிறோம்."

தேத்தண்ணியைப் பற்றிச் சொல்கிறார் என்று நினைத்தேன்.

எண்ணும்போது முகங்களைப் பார்த்தால் கவனம் சிதறும் என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம். அதனால் தாளை மட்டுமே பார்த்தேன். நிழல் விழுந்தால் ஒரு கோடு. நிழல்கள் விழுந்துகொண்டே இருந்தன. மாலையில் கூட்டிப் பார்த்தால், சந்தை கூடாத ஒரு சாதாரண நாளில் யட்டவத்தை மாத்தளை டவுனைத் தோற்கடித்திருந்தது! இத்தனை பெரிய உண்மையை இதுவரை யாரும் கவனிக்கவில்லையே என்று நாட்டுக்காக வருந்தினேன்.

அந்த வருத்தத்தில், சந்திக்குக் குறுக்கே பாதசாரிகளுக்கு ஒரு மேம்பாலம் வரைந்தேன். இருபக்கமும் படிகள், நடுவில் இளைப்பாற பெஞ்சு. (கீழே பஸ் எப்போதாவதுதான் வரும்.)

கொழும்பில் என் பேராசிரியர் படத்தை நெடுநேரம் பார்த்தார். "நேரில் போய்ப் பார்ப்போம்" என்றார்.

நாங்கள் போய் இறங்கியபோது சந்தியில் ஒரு நாய் படுத்திருந்தது. அதுவும் நகரவில்லை. என் மேம்பாலம் சரிந்தது. ஆனால் நானா எங்களைப் பார்த்ததும் கடைக்குப் பின்னால் ஓடினார். சற்று நேரத்தில் சனம் நடக்கத் தொடங்கியது. எனக்கு உயிர் வந்தது.

"பாருங்கள் சேர்!"

பேராசிரியர் பார்த்தார். என்னைப்போல் அல்லாமல் முகங்களைப் பார்த்தார். தலையில் பலாப்பழத்தோடு ஓர் அம்மா மூன்றாவது முறையாக எங்களைக் கடந்தபோது கேட்டார்: "அம்மா, இந்தப் பலாப்பழத்துக்கு வீடு வாசல் இல்லையா? எங்க போறீங்க?"

அந்த அம்மா நின்றார். பழத்தை இறக்கவில்லை.

"எங்கயும் இல்லீங்க சேர். இந்தத் தம்பி பாஸாகணும்னு நானா சொன்னாரு. அன்னைக்கு நடந்த மாதிரியே நடக்கிறோம். கழுத்து வலிக்குதுங்க, சீக்கிரமா பாஸ் போட்டு விடுங்க."

எனக்குப் பின்னால் நானா, "செல்லம்மா, ஒங்கள நடக்கத்தானே சொன்னேன், பேசச் சொன்னேனா?" என்று பல்லைக் கடித்தார்.

பேராசிரியர் கடைக்குள் போய் உட்கார்ந்து, சிரித்து முடிக்கும் வரை தேத்தண்ணியைத் தொடவில்லை. பிறகு என் படத்தை விரித்து மேம்பாலத்தின் மேல் குறுக்காகக் கோடு இழுத்தார்.

"பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் நனையாமல் ஒரு கூரை வரைந்து வா. அதற்கு யாரும் நடக்கத் தேவையில்லை. திரும்ப எண்ணும்போது தலையை நிமிர்த்து."

நிமிர்த்தி எண்ணினேன். வந்தவர்கள் சொற்பம், எல்லோரும் எனக்கு வணக்கம் சொன்னார்கள். கூரை என்னைத் தேற வைத்தது.

செய்தி எனக்கு முன்பே மாத்தளைக்குப் பஸ் ஏறியிருந்தது. இன்றும் வீட்டில் விருந்துக்குத் தலைகளை எண்ணத் தொடங்கினால், என் மனைவி முன்வாசலால் வெளியே போய், வீட்டைச் சுற்றிப் பின்வாசலால் வருவாள். பின்னாலேயே மகள், அவளுக்குப் பின்னால் மருமகன்.

"எழுதிக்குங்க, நீங்க பாஸாகணுமே!"

நானும் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கோடு போட்டுவிடுகிறேன். எங்கள் வீட்டில் சோறு மிஞ்சாத விருந்தே கிடையாது.