எட்டு நாள் கணக்கு

கணக்கு வாத்தியாரிடம் மனைவி பேசாமல் இருந்தது அது மூன்றாவது முறை. முதல் முறை நான்கு நாள். மழையில் அவளைப் பேருந்து நிறுத்தத்தில் மறந்துவிட்டு வந்தார். அடுத்தது இரண்டு நாள். அவளுடைய புதுக் கண்ணாடி தலைமையாசிரியை போட்டிருப்பதைப் போலவே இருக்கிறது என்றார். மூன்றாவது ஒரே நாள். காரணம் தெரியவில்லை.

ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தார். நான்கு, இரண்டு, ஒன்று, அரை, கால். ஒவ்வொன்றும் முந்தையதில் பாதி. முடிவே இல்லாமல் கூட்டினாலும் எட்டைத் தாண்டாது. ஏழு நாள் ஏற்கெனவே கழிந்துவிட்டது.

"அப்ப மிச்சம் இருக்கிற ஒரு நாளுக்குள்ள முடிவில்லாத தடவை கோவிச்சுக்கணுமே சார்," என்றார் பக்கத்து நாற்காலி இயற்பியல் வாத்தியார்.

"அது நமக்குத் தெரியவே தெரியாது. கடைசியில எல்லாம் நொடிக்கணக்குதான்."

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் இந்த நல்ல சேதியைச் சொன்னார். அவள் நூலகத்தில் வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். பாதி கேட்டதும் எழுந்துகொண்டாள்.

"எனக்கு உள்ள வேலை இருக்கு."

இரண்டு நாள் பேச்சில்லை.

புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்தார். ஒரு சதுரம் வரைந்து, பாதி, பாதியில் பாதி என்று வண்ணம் தீட்டிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினார். இந்த முறை நான்கு நாள்.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒன்று, இரண்டு, நான்கு. பாதியாகிக்கொண்டிருந்தது இப்போது இரட்டிப்பாகிறது. இப்படிப் போகிற தொடருக்குக் கூடுதல் என்று ஒன்று கிடையாது என்று பதினெட்டு வருஷமாகப் பிள்ளைகளுக்கு அவரே சொல்லிவந்தார். படத்தைக் கிழித்தார். தன் தவறு எந்த வரியில் நடந்தது என்று மூன்று பக்கம் விளக்கி எழுதி, அவள் இருந்த அறைக்கதவின் அடியில் தள்ளிவிட்டார். உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வேறு வழியில்லாமல் மைத்துனிக்குப் போன் செய்தார். மறுநாள் காலையிலேயே அவள் வந்து நின்றாள்.

"தப்பு என்மேலதாம்மா. என்ன தப்புன்னு மட்டும் அக்காகிட்ட கேட்டுச் சொல்லு. கால்ல வேணா விழறேன்."

மைத்துனி உள்ளே போய் அரை மணி நேரம் இருந்தாள். நடுவில் சிரிப்புச் சத்தம்கூடக் கேட்டது. வாத்தியார் கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தார். அவள் வெளியே வந்து கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அக்கா ஒரு நாள்கூடக் கோவிக்கல அத்தான். அடுத்த வாரம் பதவி உயர்வுப் பரீட்சை, அதுல கணக்கும் இருக்காம். வாயைத் திறந்தா நீங்க சொல்லிக்கொடுக்க வந்துடுவீங்கன்னு பயந்துட்டு இருக்கா."