நாற்பத்திரண்டு சென்ட் மழை

உள்ளதை உள்ளபடி, அந்தந்த நேரத்தில் எழுதி வைக்கிறவன் தப்பே செய்யமாட்டான் என்று ஒரு காலத்தில் நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கை ஒரு தேரையால் போயிற்று. (தவளை அல்ல, தேரை. என் வீட்டில் எல்லோரும் தவளை என்றே சொல்கிறார்கள். இருபது வருஷமாகத் திருத்திப் பார்த்துவிட்டேன்.)

அப்போது எனக்கு இருபத்துமூன்று வயது. சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவே ஒரு தாலுகா கச்சேரியில் ஆக்டிங் குமாஸ்தா. ஆக்டிங் என்றால், மேலே இருக்கிறவர்களுக்கு மனசு மாறினால் மறுநாளே ஊருக்குப் பெட்டி கட்டலாம் என்று அர்த்தம். என் வேலைகளில் நான் பெரிதாக நினைத்தது மழை அளப்பது. கச்சேரிக்குப் பின்னால் மார்பளவு கம்பி வேலிக்குள் மழைமானி இருந்தது. மேலே ஒரு புனல், உள்ளே ஒரு புட்டி. காலை எட்டு மணிக்குப் புட்டியில் இருப்பதை அளவுக் கண்ணாடியில் ஊற்றிப் பார்த்து ரிஜிஸ்தரில் எழுத வேண்டும். அங்குலத்தில் நூற்றில் ஒரு பங்கு ஒரு சென்ட்.

முதல் நாளே தாசில்தார் சொல்லியிருந்தார்: "தம்பி, கண்ணாடி என்ன காட்டுதோ அதை எழுது. வானத்தைப் பார்த்து எழுதாதே." நான் அதை டைரியின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே கோடும் போட்டுக்கொண்டேன். வேலிக் கதவுக்கு ஒரே சாவி. அது என் இடுப்பை விட்டு இறங்காது.

அந்த வருஷம் கோடை மழை அடியோடு பொய்த்துவிட்டது. சோளத்தட்டுப் போர்கள் காலியாகி, மாடுகள் வேலியோரத்து முள்ளை முகர்ந்துகொண்டு நின்றன. மலையடிவாரத்து ரிசர்வ் காட்டை மேய்ச்சலுக்குத் திறந்துவிடச் சொல்லி விவசாயிகள் மனுக் கொடுத்திருந்தார்கள். தொடர்ந்து நாற்பது நாள் மழைமானியில் ஒன்றும் விழாவிட்டால் காட்டைத் திறக்கலாம் என்பது மேலிடத்து உத்தரவு. அதனால் நான் தினமும் எட்டு மணிக்கு எழுதும் 'இல்லை' என்ற ஒரு சொல்லுக்காக அத்தனை மாடுகளும் காத்திருந்தன.

இருபத்தொன்பதாவது 'இல்லை'யை எழுதிவிட்டு வேலிக் கதவைச் சாத்தினேன். எட்டு மணி இரண்டு நிமிஷம். கதவு சரியாகப் பொருந்தவில்லை. பொருந்தாத எதையும் விடுகிற வழக்கம் எனக்கில்லை. இன்னும் பலமாகச் சாத்தினேன். பிறகுதான் கீழே பார்த்தேன். கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு தேரையின் இடது பின்கால்.

கச்சேரிப் பானைகளுக்குத் தண்ணீர் சுமக்கும் ராமாயி, நான் கையில் தேரையுடன் நின்றதைப் பார்த்தாள்.

"ஏனுங்க சாமி, மூஞ்சி இப்பிடி வெளுத்துப் போச்சு? ஊட்ல ஏதாச்சும் கெட்ட சேதிங்களா?"

"கதவில் நசுக்கிவிட்டேன்."

"அட, தேரைங்களா? மஞ்சளை அரைச்சுப் பத்துப் போடுங்க. எங்கூட்டு ஆட்டுக்கும் அதேதான், எங்கூட்டுக்காரருக்கும் அதேதான்."

மஞ்சள் தேரைக்கு ஆகுமா என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனாலும் அரைத்துப் பூசி, வேஷ்டிக் கரையில் ஒரு நூலளவு கிழித்து, இரண்டு ஈர்க்குகளை வைத்துக் கட்டினேன். நான் கையைக் கழுவுவதற்குள் அது கட்டை உதறிவிட்டது. ஆறாவது தடவைதான் நின்றது. (நின்றதற்குக் காரணம் தேரையின் சலிப்பு என்று நினைக்கிறேன்.)

நாயும் மாடும் மனிதர் காலும் நுழைய முடியாத இடம் ஊரிலேயே அந்த வேலிக்குள்தான். அங்கேயே மழைமானியின் நிழலில் ஒரு சட்டித் துண்டைக் கவிழ்த்து அதற்குக் குடியிருப்பு அமைத்தேன். மாலையில் ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் தெளிப்பேன். தெளிக்கும்போது புனலை ஒரு தட்டால் மூடிக்கொள்வேன். சாப்பாட்டுக்குக் கவலையில்லை. கச்சேரியின் பழைய காகிதக் கட்டுகளைத் தட்டினால் கறையான் வேண்டிய மட்டும் கொட்டும். என் டைரியில் அந்த நாட்களின் குறிப்புகள் இப்படி இருக்கின்றன: 'பகல் 12. கறையான் பதினான்கு. கால் கட்டு ஈரமாக உள்ளது. முகபாவம்: வருத்தம்.' தேரைக்கு வேறு முகபாவம் கிடையாது என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

மனுக் கொடுத்தவர்களுக்குத் தலைவர் போல இருந்தவர் நாச்சிமுத்துக் கவுண்டர். புதுச்சத்திரத்துப் பக்கம் தோட்டம். திங்கட்கிழமை தவறாமல் வந்து எத்தனையாவது 'இல்லை' என்று கேட்டுவிட்டுப் போவார். ஒரு திங்களன்று நான் கறையான் அரித்த காகிதக் கட்டோடு வேலிக்குள் குந்தியிருந்தபோது வந்தார்.

"எங்க மாட்டுக்கு ஒரு வேளைக்கே சோளத்தட்டு இல்லீங்க. உங்க தேரை மூணு வேளை திங்குதாட்ட இருக்குதுங்க."

"இரண்டு வேளைதான்," என்றேன்.

"செரிங்க. எழுதி வெச்சுக்கங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

முப்பத்தைந்தாவது நாள் மைப்பொடியும் சணல் கயிறும் வாங்கச் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்கு என்னை அனுப்பினார்கள். 'இல்லை' என்று எழுதிவிட்டுக் கிளம்பும்போது ராமாயியிடம், "சாயங்காலம் தேரைக்கு ஒரு செம்புத் தண்ணி," என்று சொன்னேன். ஒன்று சொல்ல மறந்தேன், ஒன்று கொடுக்க மறந்தேன். சொல்லாதது புனலை மூடும் தட்டு, கொடுக்காதது சாவி.

மறுநாள் முதல் பஸ்ஸில் திரும்பி ஏழு ஐம்பதுக்கு வந்து சேர்ந்தேன். எட்டுக்கு வேலியைத் திறந்தேன். உள்ளே மண் ஈரம். தேரை சட்டியை விட்டு வெளியே வந்து உட்கார்ந்திருந்தது. புட்டியைக் கவிழ்த்தேன். நாற்பத்திரண்டு சென்ட்.

கச்சேரி வாசலில் புழுதி பறந்தது. நான் அந்தப் புழுதியில்தான் நடந்து வந்திருந்தேன், செருப்பெல்லாம் அதுதான். ஆனால் செருப்பைப் பார்த்து எழுதச் சொல்லி எனக்கு உத்தரவில்லை. கோடையில் ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவில் பெய்யாத மழை உண்டு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி, அழகான கையெழுத்தில் '42' என்று எழுதித் தபாலில் சேர்த்தேன். டைரியில், 'நல்ல மழை. நோயாளிக்குத் தெளிவு' என்றும் எழுதினேன்.

ஐந்தாம் நாள் உத்தரவு வந்தது: மழை பெய்துவிட்டதால் காடு திறக்கப்படமாட்டாது. ஆறாம் நாள் நாச்சிமுத்துக் கவுண்டரோடு முப்பது நாற்பது பேர் கச்சேரிக்கு வந்துவிட்டார்கள். ஏழாம் நாள் சேலத்திலிருந்து டிப்டி கலெக்டரே மோட்டாரில் வந்து இறங்கினார்.

"ஒரு பொட்டு உழுவுலீங்க எசமான்," என்றார் கவுண்டர்.

டிப்டி கலெக்டர் ரிஜிஸ்தரைப் புரட்டி என்னைப் பார்த்தார். "நீயா எழுதினாய்?"

"நான்தான், சார். எட்டு மணிக்குச் சரியாக."

கவுண்டர் என் பக்கம் திரும்பினார். குரலில் கோபமே இல்லை. "ஏனுங்க சாமி, அந்த மழை எந்தத் தெசையிலிருந்துங்க வந்துச்சு? நாங்களும் அண்ணாந்து பாத்துட்டேதானுங்க இருந்தோம்."

"கண்ணாடி திசையைக் காட்டாது," என்றேன். இந்தப் பதிலை அப்போது மிகவும் மெச்சிக்கொண்டேன்.

"அதுஞ் செரிதானுங்க," என்றார் அவர்.

மழைமானியைப் பார்க்க வேண்டும் என்றார் டிப்டி கலெக்டர். கூட்டம் முழுவதும் பின்னால் வந்தது. வேலிக்குள், புனலின் நிழலில், காலில் மஞ்சள் கட்டோடு அது உட்கார்ந்திருந்தது.

"இது என்ன?"

"தேரை, சார்."

"சர்க்கார் தேரையா?"

யாரோ சிரித்தார்கள். நான் திரும்பினேன். பானைகளுக்குப் பக்கத்தில் ராமாயி, கையில் செம்போடு நின்றாள். அவள் கண் என்னிடமிருந்து தேரைக்குப் போயிற்று. தேரையிலிருந்து புனலுக்குப் போயிற்று. பிறகு அவள் கை வாயைப் பொத்திக்கொண்டது. அந்த நொடியில் எனக்கும் விளங்கிவிட்டது. ஏழு நாளாக விளங்காமல் இருக்க எவ்வளவு முயற்சி செய்திருக்கிறேன் என்பதும் சேர்ந்தே விளங்கியது.

வாயைத் திறக்காமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. என் வேலை நிற்கும். மாடு நிற்காது.

"சார், அது மழை இல்லை," என்றேன். "தேரைக்கு நான் ஊற்றிய தண்ணீர்."

டிப்டி கலெக்டர் இன்னொரு ரிஜிஸ்தரை வாங்கிப் பார்த்தார். "முந்தின நாள் காலை எட்டு பத்துக்குச் சேலம் புறப்பட்டதாகவும், மறுநாள் ஏழு ஐம்பதுக்குத் திரும்பியதாகவும் நீயே எழுதியிருக்கிறாயே. செவ்வாய்ப்பேட்டையில் இருந்துகொண்டா ஊற்றினாய்?"

என் வாழ்நாளில் நான் சொன்ன ஒரே நல்ல பொய்யை என் கையெழுத்தே பிடித்துக் கொடுத்தது.

"நானுங்க ஊத்துனேன்," என்று ராமாயி முன்னால் வந்தாள். "சாவிய இவரு இடுப்புல சொருகீட்டுப் போயிட்டாருங்க. அது வெய்யில்ல வாயப் பொளந்துட்டுக் கெடந்துச்சு. வேலிக்கு வெளிய நின்னு வீசுனா பாதிதான் போய்ச் சேருதுங்க. ரெண்டு கொடம் புடிச்சுதுங்க."

தண்ணீர்ச் சுமை போனால் அவள் வீட்டில் அடுப்பு எரியாது. அவள் பேசாமல் இருந்திருக்கலாம்.

யாரும் சிரிக்கவில்லை. கவுண்டர் துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சொன்னார்: "எசமான், தேரைக்கு ஊத்துனத எங்க தலையில பேஞ்சதா எழுதீராதீங்க. அதே மாதிரி, இவங்க ரெண்டு பேரு பொழப்புலயும் கைய வெச்சறாதீங்க. தேரைக்கு எரங்குற ஆளு கச்சேரியில ஒருத்தராச்சும் இருக்கோணுங்க."

காடு திறக்காமல் மாடுகள் பட்டினி கிடக்கக் காரணமானவனுக்காக அவர் பேசினார். என் டைரிகளில் எத்தனையோ பேருக்கு நன்றி எழுதியிருக்கிறேன். அன்றைக்கு மட்டும் எழுத முடியாமல் பேனாவை மூடி வைத்தேன்.

டிப்டி கலெக்டர் சிவப்பு மையைக் கொண்டுவரச் சொல்லி, ரிஜிஸ்தரின் குறிப்புப் பத்தியில் என் கையாலேயே எழுத வைத்தார்: 'மேற்படி 42 சென்ட் வானத்திலிருந்து விழுந்ததன்று. தேரையின் பொருட்டு ஊற்றப்பட்டது.' கீழே அவர் கையெழுத்திட்டபோது மீசை கொஞ்சம் அசைந்தது. மூன்றாம் நாள் காடு திறந்தது. நான் இன்னும் ஒரு வருஷம் ஆக்டிங்காகவே இருந்தேன், அது நியாயம்தான். ராமாயியின் பானைக்கு மேலே இரண்டாவது சாவி ஒன்று தொங்கியது.

ஆடியில் நிஜமான மழை வந்தது. காலை எட்டுக்கு நான் போவதற்குள் கவுண்டரும் நாலைந்து பேரும் சொட்டச் சொட்ட வேலியருகே நின்றார்கள். ஒரு அங்குலம் ஏழு சென்ட்.

"ஏனுங்க சாமி, உழுந்ததுங்களா, ஊத்துனதுங்களா?"

அண்ணாந்து பார்த்தேன். ரிஜிஸ்தரைத் திறப்பதற்கு முன் வானத்தைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. "விழுந்ததுதானுங்க," என்றேன். சட்டித் துண்டுக்கடியில் மஞ்சள் துணி மட்டும் கிடந்தது. தேரை போய்விட்டிருந்தது.

இரண்டு வருஷம் கழித்து ராசிபுரத்தில் என் கல்யாணம். நாச்சிமுத்துக் கவுண்டர் ஒரு தூக்கு நெய்யோடு வந்து, பந்தலில் பெண் வீட்டாருக்கு இந்தக் கதையை முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தார். அன்றிலிருந்து இன்றுவரை, ஓட்டின்மேல் சடசடவென்று சத்தம் கேட்டு நான் டைரியை எடுத்தால், சமையற்கட்டிலிருந்து என் மனைவி குரல் கொடுப்பாள்:

"பொறுங்க. ராமாயிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதுங்க."

நானும் வாசலுக்குப் போய், கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.