எதிர் வீட்டு அக்கா

"இது உன் எதிர் வீட்டு அக்காவுக்கு," என்று சொல்லி, சர்க்கரைப் பாகில் ஊறிய செர்ரிப் பழ பாட்டிலை மேஜையின் நடுவில் வைத்தாள் ஸ்தமாத்தியா. "காபி குடிச்சதும் போய்க் கொடுத்துட்டு வந்துடலாம்."

எவாந்தியா குடித்துக்கொண்டிருந்த காபியைக் கீழே வைத்தாள்.

ஸ்தமாத்தியாவும் ஃப்ரோசோவும் கிரேக்க நாட்டு வோலோஸிலிருந்து முந்தின நாள்தான் ஸ்வீடனில் எவாந்தியா இருக்கும் ஸ்டாக்ஹோமில் வந்து இறங்கியிருந்தார்கள். மூவரும் பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவர்கள் வந்ததிலிருந்து எவாந்தியா தலை நிமிர்ந்துதான் நடந்தாள். பாலம் பாலமாகக் கூட்டிப்போனாள். ஊருக்கு நடுவே ஆற்றில் தூண்டில் போடுகிறவர்களை, ஏதோ தானே மீனைக் கொண்டுவந்து விட்டதுபோலக் காட்டினாள். பல் செட் செய்யும் தன் வேலைக்கூடத்தைத் தெருவிலிருந்தே சுட்டி, அந்த ஜன்னல் என்னுடையது என்றாள். எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பெட்டியிலிருந்து அந்த பாட்டில் வெளியே வரும்வரை.

வம்பை விலைக்கு வாங்கியது அவளேதான். தனியாக இருக்கிறாளே என்று ஊரில் எல்லோரும் உச்சுக் கொட்டினார்கள். காய்ச்சல் என்று படுத்தால் ஒரு வாய் சூப் யார் கொடுப்பார்கள் என்று ஸ்தமாத்தியா போனில் கேட்கும்போதெல்லாம், எதிர் வீட்டுக் குன்வோர் அக்கா இருக்கிறார், கூடப் பிறந்தவள் மாதிரி என்று சொல்லி வைத்திருந்தாள். குன்வோர் என்ற பெயரே அவளுக்குக் கதவிலிருந்த பெயர்ப் பலகையில் படித்துத் தெரிந்ததுதான்.

அந்தக் கட்டிடத்தில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. வெளியே கிளம்புமுன் கதவில் காது வைத்துக் கேட்பார்கள். படிக்கட்டில் காலடிச் சத்தம் இருந்தால், அது ஓயும்வரை கோட்டை மாட்டிக்கொண்டு உள்ளேயே நிற்பார்கள். வந்த புதிதில் எவாந்தியா இதை நினைத்து அழுதிருக்கிறாள். பிறகு அவளும் காது வைக்கப் பழகிக்கொண்டாள்.

இப்போது குட்டு உடைந்தால் ஸ்தமாத்தியா சும்மா விடமாட்டாள். அவள் வீட்டு மாடி காலியாகத்தான் கிடக்கிறது. நாதியில்லாமல் பனியில் ஏன் கிடக்கிறாய் என்று கையோடு இழுத்துக்கொண்டு போவாள். போகிற வழியெல்லாம் ஊருக்கும் சொல்வாள்.

"அக்காவுக்கு உடம்பு சரியில்ல. தூங்கட்டும்," என்றாள் எவாந்தியா.

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்று உறைத்தது. அதற்குள் ஸ்தமாத்தியா சட்டைக் கையை மடித்துவிட்டு ஃபிரிட்ஜிலிருந்த கோழியை வெளியே எடுத்துவிட்டாள். கூடப் பிறந்தவள் மாதிரி என்கிறாய், அவள் படுத்துக் கிடக்கிறாள், நீ எங்களுக்குப் பாலம் காட்டிக்கொண்டிருந்தாயா என்று சூப் கொதித்து இறங்கும்வரை திட்டினாள். முட்டையும் எலுமிச்சையும் அடித்து ஊற்றிய வாசனை கதவிடுக்கு வழியாகப் படிக்கட்டு முழுக்க இறங்கியது.

சட்டியைத் துணியால் பிடித்துக்கொண்டு அவள் கிளம்பும்போது, எவாந்தியா அடுத்த பொய்யை எடுத்தாள். மறந்தே போய்விட்டது, அக்கா காலையிலேயே மகள் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஃப்ரோசோ அதற்குள் கதவுத் துவாரத்தில் கண்ணை வைத்திருந்தாள். "அப்போ எதிர்க் கதவுக்கு அடியில நிழல் ஆடுதே, அது யாருடீ?"

அது குன்வோர்தான். கடைக்குக் கிளம்பியவர், இந்த வீட்டுச் சத்தம் ஓயட்டும் என்று கதவுக்குப் பின்னால் காத்துக்கொண்டிருந்தார். அதை இவர்களிடம் எப்படிச் சொல்வது? மருமகனாக இருக்கும், செடிக்குத் தண்ணீர் ஊற்ற வந்திருப்பான் என்றாள் எவாந்தியா.

"தண்ணி ஊத்த வந்தவன் கதவுக்குப் பின்னாடி எதுக்குடி அசையாம நிக்கணும்?" என்றாள் ஸ்தமாத்தியா. "திருடன்தான்."

அவ்வளவுதான். ஸ்தமாத்தியா சட்டியோடும் கரண்டியோடும், ஃப்ரோசோ குடையோடும் வெளியே பாய்ந்தார்கள். எவாந்தியா பின்னால் ஓடிப் பாவாடையைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. ஸ்தமாத்தியா கரண்டியால் எதிர்க் கதவைத் தட்டி, வெளியே வாடா என்று கிரேக்கத்தில் கத்தினாள். ஐந்து மாடிக்கும் கேட்டது. ஒரு கதவும் திறக்கவில்லை. ஒவ்வொரு கதவுத் துவாரமும் மட்டும் உள்ளிருந்து இருண்டது.

"நல்ல அக்கம்பக்கம்டீ," என்றாள் ஃப்ரோசோ.

அப்போது எதிர்க் கதவு திறந்தது. எழுபது வயதுப் பெண்மணி ஒருவர், கோட்டும் கம்பளித் தொப்பியுமாக, நெடுநெடுவென்று நின்றார்.

"யாருடீ இவங்க?" என்றாள் ஸ்தமாத்தியா.

"குன்வோர் அக்கா," என்றாள் எவாந்தியா.

ஸ்தமாத்தியா அவரை மேலும் கீழும் பார்த்தாள். மகள் வீட்டுக்கும் போகவில்லை, படுக்கையிலும் இல்லை. பிறகு எவாந்தியாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே வோலோஸுக்கு டிக்கெட் போட்டாயிற்று.

ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. இவளுக்கு ஸ்வீடிஷ் தெரியாது, அவருக்குக் கிரேக்கம் தெரியாது. நடுவில் நின்று மொழிபெயர்ப்பவள் நான்தானே என்று எவாந்தியா மூச்சை இழுத்துக்கொண்டாள்.

"கேளு," என்றாள் ஸ்தமாத்தியா. "உன்னைக் கூடப் பிறந்தவ மாதிரி நினைக்கிறாங்களான்னு கேளு."

எவாந்தியா வாயைத் திறப்பதற்குள், "கேட்க வேண்டாம், புரியுது," என்றார் குன்வோர். பாடம் ஒப்பிப்பவர்போல நிறுத்தி நிறுத்திப் பேசினாலும், அது கிரேக்கம்தான். "வெயில் காலத்துல உங்க நாட்டு ரோட்ஸ் தீவுக்குத்தான் போவேன். அங்கே கத்துக்கிட்டது."

ஸ்தமாத்தியா சட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நேராகவே கேட்டாள்.

"அப்போ நீங்களே சொல்லுங்கம்மா. இவ உங்களுக்குக் கூடப் பிறந்தவ மாதிரியா?"

குன்வோர் இல்லையென்று தலையை ஆட்டினார். எவாந்தியா கண்ணை மூடிக்கொண்டாள்.

"கூடப் பிறந்தவ வாராவாரம் வந்து பேசிப் பேசியே உயிரை வாங்குவா," என்றார் குன்வோர். "இவங்க இங்க வந்து ஒன்பது வருஷமாச்சு, இன்னிக்கு வரைக்கும் என்கிட்ட ஒரு வார்த்தை பேசினதில்ல. இவ்வளவு பாசமா என்னை யாருமே வச்சுக்கிட்டதில்ல."