சாம்பார் அண்டாவில் கர்ம யோகம்

சேவை செய்பவர்களில் ஆபத்தானவர்கள், வெளியே சொல்லாமல் செய்பவர்கள்தான். (அனுபவத்தில் சொல்கிறேன், நானும் அந்தக் கட்சியில் இருந்தவன்.)

தேதி, கிழமை, கப்பல் வந்த நேரம் வரை டைரியில் குறித்துவைக்கும் ஆள் நான். அந்தப் பங்குனி உத்திரத்தன்று மட்டும் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன்: ‘தண்ணீர்’.

அப்போது எங்கள் தீவில், நாங்கள் குடியிருந்த மரைன் ஹில் பகுதியில் மாலை வேளைகளில் கீதை வகுப்பு நடந்தது. இந்தியில் என்பதால் தமிழர், வங்காளி, தெலுங்கர் எல்லாரும் போவோம். பலனை எதிர்பார்க்காமல் வேலை செய், செய்ததைச் சொல்லிக்கொள்ளாதே என்றார் சுவாமிஜி. நான் சீக்கிரமே பாதி ஞானி ஆகிவிட்டேன். குப்பையைக் கொட்டிவிட்டு வந்தால்கூட முகத்தில் ஒரு தெய்வீக அமைதியை வரவழைத்துக்கொள்வேன். (“பல்வலியா?” என்பாள் மனைவி வசந்தி.)

உத்திரத்தன்று முருகன் கோயிலில் அன்னதானம். சமையல், ராமநாதபுரத்துக் காளிமுத்து அண்ணன். அவருக்கு அது முதல் கோயில் சமையல். நன்றாக அமைந்தால் வருடம் முழுக்க எல்லா விசேஷமும் அவருக்கே என்று கமிட்டித் தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார். சாமிக்குப் படைக்கும் முன் யாரும் ருசி பார்க்கக்கூடாது என்பது வழக்கம்.

அண்ணன் குளிக்கப் போயிருந்தார். கொதிக்கும் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் பிரிக்காத உப்புப் பாக்கெட். ‘அடடா, மறந்துட்டாரே!’ பாதியைக் கொட்டிக் கிளறிவிட்டு, யாரிடமும் மூச்சுவிடாமல் நகர்ந்தேன். என் வாழ்நாளின் மிகத் தூய்மையான செயல் அதுதான் என்று ஒரு பூரிப்பு வேறு.

படையல் முடிந்து பந்தி உட்கார்ந்தது. தலைவர் முதல் வாய் எடுத்தார். கண்கள் பிதுங்கின. “தண்ணீர்!” என்று அலறினார்.

“காளிமுத்து! இது சாம்பாரா, சமுந்தர் கா பானியா, கடல் தண்ணியா? அடுத்த ஷிப்புலயே மெயின்லேண்டுக்கு ஏறுய்யா!”

“முருகன் சத்தியமா அளவாத்தான் போட்டேன் சார். அந்தப் பாக்கெட்டு சும்மா கைவசம் வச்சிருந்தது.” என்றார் அண்ணன்.

இப்போது வாயைத் திறந்தால் சேவையை விளம்பரப்படுத்தியதாகுமோ என்று எனக்குள் வேதாந்த விசாரம். வசந்தி என்னையே பார்த்தாள்.

“என்னங்க, மூஞ்சி பல்வலி மாதிரி போகுது? என்ன பண்ணித் தொலைச்சீங்க?”

அண்ணனைப் பார்த்தேன். கண் கலங்கியிருந்தது. எழுந்து நின்றேன்.

“பாதி பாக்கெட்டு... நான்தான் போட்டேன்.”

உடனே பக்கத்து வீட்டு தாஸ் பாபு கைகூப்பினார். அவரும் எங்கள் வகுப்புதான். “பாக்கி ஆதா மைனே டாலா, பாய் சாப். மீதிப் பாதி நான் போட்டேன். அண்ணா பாதியிலே மறந்துட்டார்னு நெனச்சேன்.”

தலைவர் தலையில் கைவைத்தார். “டீக் ஹை. சாம்பாரை ஓரங்கட்டு. ரசத்தைக் கொண்டாங்கப்பா!”

வசந்தி என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ரசம் வேணாம்னு சொல்லுங்க.”

“ஏன்டி?”

“நானும் அந்தக் கிளாஸுக்குத்தானே வந்தேன்!”

ஒரு கணம் யோசித்தேன். “ரசமும் நான்தான்!” என்றேன் சத்தமாக.

அன்று அத்தனை பேரும் மோர்ச்சோறு சாப்பிட்டார்கள். வருடச் சமையல் காளிமுத்து அண்ணனுக்கே கிடைத்தது. ஆனால் அவர் ஒரு நிபந்தனை போட்டார். அதன்படி இன்றைக்கும் உத்திரத்தன்று கோயில் மைக்கில் இரண்டு மொழியிலும் அறிவிப்பு வருகிறது: “நமக் டால் தியா. சாம்பாருக்கும் ரசத்துக்கும் உப்புப் போட்டாச்சு. மரைன் ஹில் சுந்தரம் சார் எங்கே இருக்கிறாரோ அங்கேயே நிற்கவும்!”

கூட்டமே சிரிக்கும். பக்கத்தில் வசந்தி மட்டும் கண்ணை மூடி, பயபக்தியோடு சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பாள்.