மூன்றாவது விலைப்புள்ளி

ஆடி முடிந்து ஆவணியும் பிறந்துவிட்டது. மூன்றாவது விலைப்புள்ளி மட்டும் வந்தபாடில்லை.

முதல் இரண்டும் ஒட்டிய உறைக்குள், பீரோவில் சம்பத்தின் வேட்டிகளுக்கு அடியில் கிடந்தன. ஒன்று செங்கல்பட்டு மோசஸ் கடையுடையது. மற்றது கூடுவாஞ்சேரியிலிருந்து வந்தது. மூன்று சேராமல் உறையைப் பிரிப்பதில்லை என்பது விதி. சம்பத்துக்கு ஆலையின் கொள்முதல் பிரிவில் இருபத்திரண்டு வருட சர்வீஸ். வால்விலிருந்து பினாயில் வரை மூன்று விலைப்புள்ளி இல்லாமல் எதையும் வாங்கியவரல்ல. அந்த முறையில் அங்கே ஒரு பிசகும் நடந்ததில்லை. அதனால் அணுபுரம் குடியிருப்பிலிருந்த தன் வீட்டுக்கு ஒரு லேப்டாப் வாங்கவும் அதே வழியில் இறங்கினார்.

லேப்டாப், மகள் ரோகிணியின் முகத்தைப் பார்ப்பதற்காக. மேல்படிப்புக்கு ஜெர்மனி போனவளைப் பார்த்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ஞாயிறுதோறும் போனில், "சாப்பிட்டியாம்மா?" என்று கேட்பார். "சாப்பிட்டேன்பா" என்பாள். ரோகிணி வேறெதிலும் பொய் சொல்லமாட்டாள், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் கூசாமல் சொல்லுவாள். ஐந்து வயதிலேயே இட்லியைப் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவள். குரலை வைத்து ஒன்றும் பிடிக்க முடியாது. கன்னத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

"கடைக்குப் போய் ஒண்ணு வாங்கிட்டு வந்துடலாமே" என்று மனைவி தெய்வநாயகி பொங்கலுக்கே சொன்னாள். அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. முன்பொரு முறை அவள் கண்ணில் பட்ட மிக்ஸியை அப்படியே வாங்கி வந்தபோது, முறையற்ற கொள்முதல் என்று சொல்லி, அதில் அரைத்த சட்னியை மூன்று மாதம் சம்பத் தொடவில்லை. தினமும் இட்லிக்குப் பொடிதான்.

உறை என்றதும் கடைக்காரர்கள் மசியவில்லை. மோசஸிடம் முதல் உறையை வாங்கவே மூன்று நடை நடக்க வேண்டியிருந்தது.

"ஒரே ஒரு லேப்டாப்புக்கு கவரு எதுக்கு சார்? தோ கீது. தொட்டுப் பாரு, புட்ச்சிருந்தா எட்த்துகினு போ."

"தொட்டுப் பாத்துட்டா அப்புறம் மனசு சாய்ஞ்சிடும் மோசஸ். கவர்லதான் வரணும்."

மோசஸ் விலையை எழுதி, கோந்து தடவி, மேசைமேல் வைத்துக் குத்தி ஒட்டிக்கொடுத்தார்.

மூன்றாவதற்கு வழி தெய்வநாயகிதான் கண்டுபிடித்தாள். மாடி வீட்டு ரெஜினாவுக்குத் தெரிந்த கடை ஒன்று திருக்கழுக்குன்றத்தில் இருக்கிறதாம், கேட்டு வாங்கித் தருகிறேன் என்றாள். ஒரே வாரத்தில் உறை வந்தது. சம்பத் பிரித்துப் பார்த்து நெகிழ்ந்துபோனார். முழுக்க டைப் அடித்தது. வரிசை எண், பொருள், பார்வை, இரண்டு பக்கமும் ஓரம்.

"பாரு, இவன்தான் முறை தெரிஞ்சவன்" என்றார்.

தெய்வநாயகி "ம்" என்று வெங்காயம் நறுக்கினாள்.

ஆனால் விலையில் மோசஸ்தான் குறைவு. சனிக்கிழமை செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறினார் சம்பத்.

"அந்த மாடலா?" மோசஸ் தரையைப் பார்த்தார். "கடைசி பீஸு ஆடித் தள்ளுபடியிலயே பூட்ச்சி சார்."

சம்பத்துக்குக் கோபம் வரவில்லை. 'இருப்பு உள்ள வரை' என்று விலைப்புள்ளியில் எழுதித்தான் இருந்தது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

இந்த முறை ஓட்டை எதுவும் இருக்கக்கூடாது என்று எதிர் பிளாக் பக்தவத்சலத்திடம் தேவைப் பட்டியலைக் காட்டினார். அவர் தணிக்கைப் பிரிவு. காபியைக் குடித்துவிட்டு, கடல் பக்கமிருந்து வரும் உப்புக்காற்றுக்கு என்ன ஏற்பாடு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஜன்னல் கம்பியையும் சைக்கிளையும் தின்று தீர்த்த காற்று லேப்டாப்பை விட்டுவைக்குமா? 'உப்புக்காற்றைத் தாங்கும் என்பதற்குச் சான்றிதழ் இணைக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்ந்தது.

அந்த ஒரு வரியில் மற்ற கடைகளெல்லாம் காணாமல் போயின. மோசஸ் மட்டும் பில் புத்தகத்தில் 'இதை உப்பு தின்னாது' என்று எழுதி, சீல் குத்திக் கொடுத்தார். ஒற்றை விலைப்புள்ளி செல்லாது என்றார் பக்தவத்சலம். காலக்கெடுவை நீட்டினார்கள். ஐப்பசி மழை வந்தது. மறுபடி நீட்டினார்கள்.

இதற்கிடையில் தெய்வநாயகி தினமும் சாயங்காலம் மாடிக்குப் போய் ரெஜினாவிடம் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொண்டிருந்தாள். ஆடியில் ஆரம்பித்தது. கார்த்திகையில் ஒரு கை மட்டும் முடிந்திருந்தது.

"குளிர் போறதுக்குள்ள முடிஞ்சிடுமா?" என்று கேட்டார் சம்பத்.

"நிதானமாத்தான் பின்னணுமாம்."

ஞாயிறு போன் பேசி முடித்ததும், "ரொம்ப இளைச்சுட்டா. கண்ணுக்குக் கீழ கருப்பா இருக்கு" என்பாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"குரல்லயே தெரியுதே."

சம்பத்துக்குத் தன் காதுகள்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது.

ஒருவழியாக மூன்று உறை சேர்ந்து, ஒரு மாடலும் தேறியது. கையெழுத்துப் போடும்போது பக்தவத்சலம் பேனாவை மூடினார். பெண்ணை நீங்கள் பார்க்கலாம், பெண் உங்களைப் பார்க்கக் கேமரா எங்கே என்றார். தேவைப் பட்டியலின் நான்கு பக்கத்தையும் புரட்டினார்கள். எடை இருந்தது, பையின் நிறம் இருந்தது, உப்பு இருந்தது. கேமரா இல்லை.

"தனியா ஒரு கேமரா வாங்கிக்கிறேன்" என்றார் சம்பத்.

"அது தனிக் கொள்முதல். மூணு கொட்டேஷன் வேணும்."

அந்த ஞாயிறு ரோகிணி இரண்டு முறை இருமினாள். சாப்பிட்டேன்பா என்றாள். பிறகு, "லேப்டாப் என்னப்பா ஆச்சு?" என்று கேட்டாள்.

"மறுடெண்டர்மா."

"சரிப்பா" என்றாள்.

அந்தச் 'சரி' சம்பத்தின் காதிலேயே நின்றது. குரலில் எதுவும் தெரியாத மனிதருக்கு அன்றைக்கு என்னமோ தெரிந்தது. திங்கட்கிழமை அரைநாள் லீவு போட்டார். பக்தவத்சலத்திடம் சொல்லவில்லை. ஃபைலை எடுக்கவில்லை, குடையையும் மறந்துவிட்டார். நனைந்தபடி மோசஸ் கடையில் ஏறினார்.

"கேமரா இருக்கிற ஏதோ ஒண்ணு குடு மோசஸ். விலை கேக்கல. கவர் வேணாம்."

இருபத்திரண்டு வருடத்தில் இப்படி ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

மோசஸ் அவரை உட்காரவைத்தார். தலை துவட்டத் துண்டு கொடுத்தார். டீ சொன்னார். டீ வந்தது. பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினாங்க சார், ஆனா மன்சு கேக்கல. ஆடியில அந்தக் கடைசி பீஸ வாங்கிகினு போய் மாடி வூட்ல வெச்சிகினு கீறதே ஒங்க வூட்டம்மாதான், ஒனக்கு வந்த மூணாவது கொட்டேஷன கூட அதுலதான் அடிச்சாங்க."